வால்டாக்ஸ் ரோட்டில் வரி கட்டியது யார்? வட சென்னைத் தெருக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில். சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உறவுக்காரப் பிள்ளைகள், உடன் வேலை பார்ப்பவர்கள், அவர்கள் கூட்டி வரும் நண்பர்கள் என்று பத்துப் பேரை அழைத்துக்கொண்டு பாரிமுனையில் தொடங்கி ராயபுரம் வரை நடப்பது வழக்கமாகிவிட்டது. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். நடந்துகொண்டே சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

வட சென்னை என்றால் எங்கிருந்து எங்கு வரை?

ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே நான் பேசுவது புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, ஜார்ஜ் டவுனில் தொடங்கி வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை வழியாகத் திருவொற்றியூர் வரை. மேற்கே பெரம்பூரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சிட்டியிலிருந்து வட சென்னைக்குப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். 1639இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு இந்த மணல்திட்டு கிடைத்தபோது கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள் குடியேறினார்கள். கோட்டையின் வடக்கு ஓரத்தில் நெசவாளிகள், வியாபாரிகள், வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துத் தரகு பேசிய துபாஷிகள், படகுக்காரர்கள் குடியேறினார்கள். சென்னப்பட்டணம் என்ற ஊர் அதுதான். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதைவிட மிகப் பழைய ஊர்கள், மறுக்கவில்லை. ஆனால் அவை பின்னால் வந்து இந்த நகரத்தோடு சேர்ந்தவை. சிட்டி தொடங்கியது இந்தப் பக்கத்தில்.

அப்படியானால் அந்தப் பழைய பட்டணம் எங்கே? ஜார்ஜ் டவுன்தானா?

இல்லை. உயர் நீதிமன்றத்தையும் சட்டக் கல்லூரிக் கட்டடத்தையும் பார்க்கிறீர்களே, முதல் பட்டணம் அந்த இடத்தில் இருந்தது. ஆங்கிலேயர்கள் அதைக் கறுப்பர் பட்டணம் என்று அழைத்தார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தார்கள். 1749இல் ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் ஆங்கிலேயர்களுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நின்று சுடுவான், நம் பீரங்கிக்கு எதுவும் தெரியாது என்று கணக்குப் போட்டார்கள். வீடு வீடாக, தெருத் தெருவாக அந்தப் பட்டணத்தையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊர்ப் பெரிய கோயிலான சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் போய்விட்டது. பிறகு மாற்று நிலம் கொடுத்தார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டியதுதான் இன்று பூக்கடைப் பக்கம் சென்னகேசவரும் சென்னமல்லீசுவரரும் அடுத்தடுத்து இருக்கும் இரட்டைக் கோயில். பெரியவர்கள் அதைப் பட்டணம் கோயில் என்று சொல்வார்கள்.

வீடிழந்தவர்கள் இன்னும் வடக்கே தள்ளி, முத்தியால்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினார்கள். அதுதான் இரண்டாவது பட்டணம். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடியபோது அதற்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது.

இதற்கு மேல் யாரும் கட்டிடம் எழுப்பக் கூடாது என்று எல்லை காட்ட 1773இல் ஆறு தூண்கள் நட்டார்கள். ஐந்து போய்விட்டன. ஆறாவது இன்னும் நிற்கிறது. பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில், நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. முன்னால் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம், பக்கத்தில் கடைகள் என்று கண்ணில் படாமலே போகும். நானே முப்பது வயது வரை அதைக் கடந்து போயிருக்கிறேன், பார்த்ததில்லை. முதல்முறை பார்த்த அன்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு ஊரே இடிபட்டதற்கு மிச்சமிருக்கும் கல் சாட்சி அது.

பாரிமுனை என்ற பெயர் 1788இல் இங்கே வந்த தாமஸ் பாரி என்ற வியாபாரியால் வந்தது. டேர் ஹவுஸ் 1940இல் எழுந்த கட்டடம். பெயரைப் பார்த்து ஏதோ வீரச் செயல் என்று நினைக்கிறார்கள். பாரியின் பங்காளியான ஜான் வில்லியம் டேர் என்பவரின் பெயர்தான் அது.

வால்டாக்ஸ் ரோட்டில் என்ன வரி? யார் கட்டினார்கள்?

யாரும் கட்டவில்லை.

1767இலும் 1769இலும் ஹைதர் அலியின் குதிரைப்படை மெட்ராஸ் வாசல் வரை வந்துவிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. வெளியே இருந்த பட்டணத்துக்கு ஒன்றுமில்லை. அதனால் பட்டணத்தின் வடக்கிலும் மேற்கிலும் ஒரு பெரிய மதில் கட்டினார்கள். கிழக்கே கடல், தெற்கே கோட்டை. ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. பிற்காலத்தில் ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே பெருத்துப்போய், லண்டன் பாராளுமன்றம் வரை பெயர் நாறியவர் இவர்தான்.

மதிலுக்கு ஆன செலவை, அதனால் பலன் அடையும் பட்டணத்து மக்களிடமே வரியாக வாங்கலாம் என்று கம்பெனி திட்டமிட்டது. மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி வரி போடக் கம்பெனிக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியும் எழுந்தது. கடைசியில் வரி வசூலாகவே இல்லை. ஆனால் மதிலை ஒட்டிப் போட்ட ரோட்டுக்கு மட்டும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று அது வ.உ.சி. சாலை. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், "வால்டாக்ஸ் ரோடா?" என்று திருப்பிக் கேட்பார். வால் என்றால் சுவர், டாக்ஸ் என்றால் வரி என்பதையே மறந்து, ஒரே சொல்லாக ஆகிவிட்டது.

மதிலில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. ராயபுரம் பக்கம், ஓல்ட் ஜெயில் ரோட்டில் ஒரு துண்டு. 1957இல் மாநகராட்சி அதன் தலைமேல் ஒரு பூங்கா அமைத்தது. மாடிப் பூங்கா என்று பெயர். சிறுவயதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது வெறும் உயரமான பார்க். சுவரின் அகலம் அவ்வளவு. ஒரு ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்குப் பந்து எறிந்து விளையாடியிருக்கிறோம். குதிரைப்படையைத் தடுக்கக் கட்டிய மதிலின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் குஷியாக ஓடியிருப்போம்.

ரோட்டுக்கு ஜெயில் ரோடு என்று பெயர் வந்த கதையும் அங்கேயே இருக்கிறது. கடன்காரர்களை அடைத்து வைத்த சிறை இருந்த வளாகத்தில்தான் 1964 முதல் பாரதி மகளிர் கல்லூரி நடக்கிறது. எங்கள் பேட்டைப் பெண்கள் எத்தனையோ பேர் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வெளியே வந்த வாசல் அது.

யானைக்கவுனியில் கவுனி எங்கே?

கவுனி என்றால் கோட்டை வாசல். அதே மதிலின் மேற்குப் பக்க வாசல்களில் ஒன்று அது. மதிலோடு அதுவும் போய்விட்டது, ஊர்ப்பெயர் நின்றுவிட்டது.

ஆனால் வருடத்தில் ஒரு நாள் அந்த வாசல் திரும்ப வந்துவிடும். திருமலை பிரம்மோற்சவத்துக்காகச் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக் குடைகள் புறப்படும். பூக்கடை, கோவிந்தப்ப நாயக்கன் தெரு என்று மெல்ல அசைந்து வரும் குடைகள் வால்டாக்ஸ் ரோட்டை அடைந்ததும் கூட்டத்துக்குள் ஒரு பரபரப்பு கிளம்பும். "கவுனி தாண்டுது, கவுனி தாண்டுது" என்பார்கள். வெள்ளைக் குடைகள் கிடுகிடுவென்று ஓட்டமாகப் பாலத்தைக் கடக்கும். "கோவிந்தா" சத்தத்தில் காது அடைக்கும். சிறுபிள்ளையாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். எதைத் தாண்டுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை, எதிரே ஒன்றும் இல்லையே என்று தேடினேன். பட்டணத்தின் எல்லையைத்தான் தாண்டுகிறார்கள். கல் போனாலும் ஊருக்கு எல்லை எது என்பது காலுக்குத் தெரிந்திருக்கிறது.

பிராட்வேயா, பிரகாசம் சாலையா?

இரண்டும் ஒன்றே. முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவில் பள்ளமும் சாக்கடையுமாகக் கிடந்த நிலத்தை, 1778இல் மெட்ராஸுக்கு வந்த ஸ்டீபன் போபம் என்ற வக்கீல் வாங்கித் தூர்த்து ரோடாக்கினார். போபம்ஸ் பிராட்வே என்று பெயர் வந்தது. தெருவிளக்கு, தெருப்பெயர்ப் பலகை, போலீஸ் ஏற்பாடு என்று நகரத்துக்கு என்னென்னவோ யோசனை சொல்லிக்கொண்டே இருந்த மனிதர். 1795இல் வண்டியிலிருந்து விழுந்து இறந்துபோனார்.

புதிய பெயரும் தகுதியானதுதான். 1928 பிப்ரவரியில் சைமன் கமிஷனை எதிர்த்து நடந்த கிளர்ச்சியில் பாரிமுனைப் பக்கம் போலீஸ் துப்பாக்கி நீட்டியபோது, சட்டையைத் திறந்து மார்பைக் காட்டியவர் தங்குடூரி பிரகாசம். பின்னாளில் ஆந்திர மாநிலத்தின் முதல் முதல்வர். அந்த ரோட்டின் முனையிலேயே நடந்த சம்பவம் என்பதால் பெயர் பொருந்தி நிற்கிறது.

அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை உண்டா?

கிடையாது, இருந்ததும் இல்லை. ஆர்மீனியன் தெரு என்ற பெயர் நம்மவர் வாயில் புரண்டு அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. எனக்கு இந்த நகரத்திலேயே மிகவும் பிடித்த பெயர் இதுதான். தெரியாத ஒரு சொல்லைக் கேட்டு, அதற்குத் தமிழில் ஒரு பொருளும் கொடுத்து, அந்தப் பணக்கார வியாபாரிகளுக்குப் பொருத்தமாகவும் ஆக்கிவிட்டார்கள்.

தெருவில் ஆர்மீனியர்களின் மாதா கோயில் இருக்கிறது. 1772இல் கட்டியது. உயர் நீதிமன்றப் பக்கம் இருந்த பட்டணத்தில் இவர்களுக்கு அதற்கு முன்பே ஒரு கோயில் இருந்தது. உள்ளே நுழைந்தால் தெருவின் இரைச்சல் அப்படியே நின்றுவிடும். நடைபாதைக் கற்கள் எல்லாமே கல்லறைக் கற்கள். தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். அங்கே உறங்குகிறவர்களில் ஒருவர் ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். 1794இல் அவர் மெட்ராஸில் அச்சிட்ட 'அஸ்தரார்' தான் உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை. ஆர்மீனியாவில் அல்ல, இங்கே, மண்ணடிப் பக்கத்தில்.

இன்று மெட்ராஸில் ஆர்மீனியர் சமூகம் என்று ஒன்று இல்லை. சைதாப்பேட்டைக்குப் போக அடையாற்றின் மேல் 1726இல் பாலம் கட்டிக் கொடுத்த கோஜா பெட்ரூஸ் உஸ்கானும் ஆர்மீனியரே.

பவளக்காரத் தெருவில் பவளம் விற்றது யார்?

பதினேழாம் நூற்றாண்டில் இங்கே வந்து தங்கிய யூத வியாபாரிகள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1688இல் மெட்ராஸ் மாநகராட்சி அமைந்தபோது அதன் ஆல்டர்மேன்களில், அதாவது மூத்த உறுப்பினர்களில், யூதர்களும் இருந்தார்கள். பின்னாளில் அதே தெருவில் நகரத்தார் வந்து பெரிய வீடுகளும் விடுதியும் அமைத்தார்கள்.

தங்கசாலை, ஏழுகிணறு?

தங்கசாலை, அதாவது மின்ட் தெரு, கம்பெனியின் நாணயச்சாலையால் பெயர் பெற்றது. 1840களில் நாணயச்சாலை அங்கே வந்தது, 1869இல் மூடினார்கள், பிறகு அந்த வளாகம் அரசு அச்சகம் ஆனது. அதற்கு முன்பு அந்த நீளமான தெருவுக்கு வண்ணார் தெரு என்ற பெயர் இருந்தது. துணிக்கதையைக் கீழே சொல்கிறேன்.

ஏழுகிணறு மெட்ராஸின் முதல் தண்ணீர்த் திட்டம். கோட்டைக்குள் நல்ல தண்ணீர் கிடையாது. 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் திட்டம் போட்டு இங்கே கிணறுகள் வெட்டி, ஏற்றம் இறைத்து, குழாய் வழியாகக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் இங்கே ஊறியது, குடித்தவர்கள் கோட்டைக்குள் இருந்தார்கள்! வள்ளலார் இளமையில் வாழ்ந்த வீராசாமி தெரு வீடும் இந்தப் பகுதியில்தான். அங்கிருந்து நடந்தே கந்தகோட்டத்துக்குப் போய் முருகனைப் பாடியிருக்கிறார்.

வண்ணாரப்பேட்டை என்பது வெறும் சாதிப் பெயரா?

தொழிலின் பெயர். கம்பெனி மெட்ராஸுக்கு வந்ததே துணி வாங்கத்தான். தறியிலிருந்து வரும் துணியை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. வெளுக்க வேண்டும், காயவைக்க வேண்டும், கஞ்சி போட வேண்டும். அதற்கு நல்ல தண்ணீரும் திறந்த வெளியும் வேண்டும். பட்டணம் நெருக்கடியாக ஆக ஆக வெளுப்பவர்கள் வடக்கே நகர்ந்தார்கள். லண்டன் ஏலத்தில் வெள்ளை வெளேரென்று விலைபோன மெட்ராஸ் துணி இந்தப் பேட்டைக்காரர்களின் கைபட்டது. இந்தப் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு "ராயபுரம் பக்கம்" என்று சொல்லும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

வடக்கே இன்னும் போனால் காலடிப்பேட்டை. யாருடைய காலடி என்று கேட்பார்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளிகளுக்காக ஏற்படுத்திய ஊர் அது. காலெட் பேட்டை காலடிப்பேட்டை ஆயிற்று. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. காலெட்டின் கீழ் வேலை செய்த ஒருவர் தினமும் காஞ்சிபுரம் வரதரைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். அவருடைய பக்தியைச் சோதித்துப் பார்த்து வியந்துபோன கவர்னர் இங்கேயே கோயில் எழுப்ப உதவினாராம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் வெள்ளைக்கார கவர்னரின் பெயர் பெருமாள் பாதத்தோடு சேர்ந்து ஒலிப்பது இந்த ஊரில்தான்.

தண்டையார்பேட்டை குணங்குடி மஸ்தான் சாகிபு பெயரால் வந்ததா?

இதை ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த சூஃபிக் கவிஞர், அதனால் தொண்டியார், அவர் இருந்த பேட்டை தொண்டியார்பேட்டை என்று. நானும் வெகுநாள் நம்பினேன். ஆனால் வருடக்கணக்கு இடிக்கிறது. மஸ்தான் சாகிபு மறைந்தது 1838இல். கம்பெனிக்கு எழும்பூர், புரசைவாக்கத்தோடு சேர்த்து தண்டையார்பேட்டையும் கிடைத்தது 1693இல். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு வருடம் முன்பே ஊருக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது.

இதனால் அவருடைய பெருமை குறையாது. தாயுமானவரைப் போலவே தமிழில் பாடிய முஸ்லிம் ஞானி, இந்து சீடர்களும் சூழ வாழ்ந்தவர். ஊர்ப்பெயரையே அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ஜனங்கள் நினைத்தார்கள் பாருங்கள், அந்த அன்பு உண்மை. தர்காவுக்குப் போகும்போது நான் கணக்கை எல்லாம் பேசுவதில்லை.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் ஏன் கஞ்சித் தொட்டி என்கிறார்கள்?

எங்கள் ஆயா கடைசிவரை ஸ்டான்லி என்று சொன்னதே இல்லை. "கஞ்சித் தொட்டியிலே காட்டிட்டு வா" என்பாள். மருந்துச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, விடியற்காலையிலேயே ஓ.பி. வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் "அப்போ கஞ்சி ஊத்தினாங்க" என்பாள், அவ்வளவுதான். அவள் சொன்னது இருநூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை.

1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலி போர். சுற்றியிருந்த கிராமங்கள் எரிந்தன, பயிர் போயிற்று, பஞ்சம் வந்தது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டணத்து மதிலை நோக்கி வந்தார்கள். 1782இல் மதிலுக்கு வெளியே கஞ்சி ஊற்ற ஒரு இடம் ஏற்பட்டது. ஊர் மணியக்காரர் நடத்திய சத்திரம் என்பதால் மணியக்காரர் சத்திரம். ஆங்கிலத்தில் அது மனேகர் சௌல்ட்ரி ஆயிற்று. பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்தார்கள் அல்லவா? சத்திரத்தை ஒட்டி வைத்தியமும் தொடங்கியது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அது வளர்ந்து மருத்துவப் பள்ளியாகி, 1930களில் அப்போதைய கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938இல் கல்லூரியானது.

எத்தனையோ பெரிய ஆஸ்பத்திரிகள் ராஜா பெயரிலும் கவர்னர் பெயரிலும் தொடங்கியிருக்கின்றன. இது பசித்தவனுக்கு ஊற்றிய கஞ்சியில் தொடங்கியது. அதனால்தான் கவர்னர் பெயர் பலகையில் ஏறினாலும் ஜனங்கள் வாயில் கஞ்சி நின்றது. சத்திரம் இன்றும் பக்கத்திலேயே முதியோர் இல்லமாக இருக்கிறது.

ராயபுரம் ரயில் நிலையம் அவ்வளவு பழமையானதா?

ஆமாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு தொடங்கி வைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு வண்டி ஓடியது, வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பம்பாயிலும் ஹவுராவிலும் அதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது என்றாலும் அந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை. நம்முடையது நிற்கிறது. நாட்டில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் பழமையானது இதுவே. சென்ட்ரல் வந்தது 1873இல். ஏன் இங்கே என்றால், சரக்கு இருந்தது இங்கே, வியாபாரிகள் இருந்தது இங்கே, கப்பல் நின்றதும் இங்கே.

முன்வாசல் தூண்களுக்கு அடியில் ஒருமுறை நின்று பாருங்கள். மின்சார ரயிலுக்காக ஓடும்போது யாரும் தலையை நிமிர்த்துவதில்லை.

ராயபுரத்துக்குப் பெயர் கொடுத்தவர் ராயப்பர், அதாவது புனித பேதுரு. கத்தோலிக்கப் படகுக்காரர்கள் தங்கள் காசைப் போட்டு 1829இல் கட்டிய கோயில் அவர் பெயரில் இருக்கிறது. அதற்குக் கொஞ்சதூரத்தில் 1910இல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயில், தமிழ்நாட்டிலேயே ஒன்றுதான். பிரோஜ் கிளப்வாலா என்பவர் இளம் வயதில் இறந்துபோன தம் மகன் ஜால் நினைவாகக் கட்டியது. பார்சி அல்லாதவர்கள் உள்ளே போகக் கூடாது. வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவோம்.

பீச் ஸ்டேஷனில் பீச் எங்கே?

ராஜாஜி சாலையின் பழைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். கடற்கரையை ஒட்டிய முதல் வரிசைத் தெரு என்று அர்த்தம். அலை அதுவரை வந்தது. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது மசூலாப் படகு. ஆணி ஒன்றுகூடக் கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அந்த அலை மோதலில் உடைந்துபோகும், தைத்தது வளைந்து கொடுக்கும். பக்கத்திலேயே கட்டுமரத்தில் ஆள் வருவான், யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்க.

1875இல் துறைமுகத்துக்கு முதல் கல் வைத்தார்கள். 1881 புயல் அதை அடித்து நொறுக்கியது. திரும்பக் கட்டினார்கள். அதிலிருந்து இந்தக் கரையின் விதியே மாறிவிட்டது. நம் கடலோரத்தில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் குவிந்தது, மெரினா அகலமாயிற்று. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, ஆனால் அலை அரிப்பது நிற்கவில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையெல்லாம் கருங்கல் கொட்டி வைத்திருப்பது அதற்காகத்தான். "எங்க தாத்தா வீடு அதோ, அந்த அலை எழும்புதே அங்க இருந்துச்சு" என்று கடலைக் கைகாட்டும் மீனவர்கள் இருக்கிறார்கள். மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் இதை ஒருமுறையாவது நினைக்க வேண்டும் என்பது என் ஆசை. அங்கே குவிந்திருப்பது இந்தக் கரைக்கு வந்து சேர வேண்டிய மணல்.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரை இருந்தது என்பதற்கு இன்னொரு அடையாளம்: 1923 மே 1 அன்று சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய இரண்டு இடங்களில் ஒன்று அந்தக் கடற்கரை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் குண்டு வீசித் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்ததும் இதே கரையில். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு நீதிமன்றச் சுவரில் இருக்கிறது.

பெரம்பூர்ப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?

கட்டடத்தைவிடப் பெயர்களைக் கேளுங்கள். சிப்பாய்க் குடியிருப்பு இருந்த இடம் பட்டாளம். செங்கல் சுட்ட இடம் சூளை. உப்புக் குவித்து வைத்த கொட்டாரம் ரயில்வே வாயில் சால்ட் கொட்டார்ஸ். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் பிறந்தது பெரம்பூரில்.

பின்னி மில் என்று ஜனங்கள் சொல்லும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1870, 80களில் வந்தவை. 1996இல் மூடியாயிற்று. சங்கு ஊதினால் தெருவே எழுந்துகொள்ளும் என்பார்கள். சாப்பாட்டு இடைவேளையில் சோறு தின்று முடிக்கக்கூட நேரம் இல்லை என்ற தொழிலாளர் குறையைக் கேட்டு, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோர் முன்னின்று 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் அது.

பர்மா பஜார் பர்மாக்காரர்களுடையதா?

பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுடையது. 1962க்குப் பிறகு அங்கே கடை, நிலம் எல்லாம் அரசுடைமையாகி, கட்டிய துணியோடு கப்பலேறி வந்தவர்கள். பிழைக்க வழியாக 1969இல் ராஜாஜி சாலையோரம் கடைகள் கொடுத்தார்கள். சாயங்காலம் பக்கத்துத் தெருவில் அத்தோ கடைக்குப் போங்கள். மஞ்சள் நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்.

பழைய பெயரைச் சொல்வது சரியா, புதிய பெயரையா?

பலகையில் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். பிரகாசம், ராஜாஜி, வ.உ.சி. எல்லோரும் மரியாதைக்குரியவர்கள். என் கவலை வேறு. பெயரோடு சேர்ந்து காரணமும் அழிந்துபோவதுதான் கவலை. பழைய பெயரை அடியில் சின்ன எழுத்திலாவது எழுதி வைக்கலாம். வால்டாக்ஸ் என்ற பெயர் போனால், மதிலும் போகும், ஹைதரும் போவார், கட்டாத வரியும் போகும்.

ஒரே காலையில் எதையெல்லாம் பார்க்கலாம்?

ஞாயிறு காலை ஆறரைக்கு உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்குங்கள். அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருப்பதால் கட்டடங்களின் முகம் தெரியும். எல்லைத் தூண், பிறகு ஆர்மீனியன் தெரு, தம்பு செட்டித் தெருவில் பாரதியார் வந்து வணங்கிய காளிகாம்பாள் கோயில், பவளக்காரத் தெரு, அங்கிருந்து பிராட்வே வழியாக மாடிப் பூங்கா, கடைசியில் ராயபுரம் நிலையம். மூன்று மணி நேரம் போதும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளைப் படம் பிடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள்.

போஸ் சாலையில் நடைபாதைக் கடைகளுக்குப் பின்னால் கிரேக்கக் கோயில் மாதிரி தூண்களோடு நிற்பது 1850இல் திறந்த பச்சையப்பன் மண்டபம். அதை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் தெருவின் கதையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தெருவில் வயதானவர் யார் என்று பாருங்கள். அவர்களிடம் "வரலாறு சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "சின்ன வயசுல தண்ணி எங்கே பிடிச்சீங்க, எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்வாங்க?" என்று கேளுங்கள், கொட்டும். அப்புறம் கோயில், தர்கா, மாதா கோயில் வாசலில் இருக்கும் பெயர்க் கற்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, பழைய வரைபடங்களுக்கு அங்கே போகலாம்.

பலரும் மறந்துவிடும் இன்னொன்று, வீட்டுப் பத்திரம். கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள். ஆயா இறந்த பிறகு அவளுடைய இரும்புப் பெட்டியில் எங்கள் தாத்தா காலத்துப் பத்திரம் கிடைத்தது. ஓரமெல்லாம் பொடிந்து, மடித்த இடத்தில் கிழிந்து, முத்திரை மங்கியிருந்தது. கிழக்கே இன்னார் வீடு, தெற்கே பொதுத்தெரு, மேற்கே இன்னார் மனை. வடக்கெல்லைக்கு நேராக, "துணி உலர்த்தும் வெளி" என்று எழுதியிருந்தது. இன்று அந்த இடத்தில் மூன்று மாடி வீடு நிற்கிறது. மொட்டை மாடியில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள்.